இரண்டாவது பிரேக்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவரின் காலடியில் தனியாக ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்கிறவர் பதறிப்போய் எதை மிதித்தாலும் சரி, பக்கத்து இருக்கையில் இருந்து இவர் அதை ஒரு மிதி மிதித்தால் வண்டி நின்றுவிடும். மாஸ்டரின் பிழைப்பு முழுவதும் அந்த ஒரு இரும்புத் துண்டின்மேல்தான் நடந்தது. புதிதாக வந்து உட்காருகிற எல்லோரிடமும் முதல் நாள் அவர் சொல்வது ஒன்றுதான்: "பயப்படாதீங்க. நீங்க என்ன தப்புப் பண்ணினாலும் பாதியில நிறுத்திடலாம்."

ஒரே வாக்கியத்தை ஒரு மனிதன் ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தால், கேட்கிறவர்கள் நம்புகிறார்களோ இல்லையோ, சொல்கிறவன் நம்பிவிடுகிறான்.

வீட்டில் மாஸ்டரும் அவருடைய அக்காவும்தான். மாஸ்டரின் மனைவி மகளைப் பெற்றுப் போட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தபோது, அக்கா ஒரு பெட்டியோடு வந்தாள். ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே அந்தக் குழந்தையை வளர்த்து, படிக்க வைத்து, இன்னொரு வீட்டுக்கு அனுப்பியும் வைத்தாள். தனக்கென்று கல்யாணம் பண்ணிக்கொள்ள நேரமில்லை என்பாள். அது முழு உண்மை இல்லை, ஆனால் யாரும் மேற்கொண்டு கேட்டதில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது கையில் ஒரு தொகை வந்தது. முன்னறையில் மடக்குக் கட்டிலில் உட்கார்ந்து அவள் தம்பியிடம் சொன்னாள்.

"டேய், எனக்குன்னு தனியா வீடு வேண்டாம். படுக்க இந்தக் கட்டில் போதும். ஆனா மாசம் பொறந்தா என் கைக்கு ஏதாவது வரணும். பல்வலி மாத்திரைக்குக்கூட உன் சட்டைப் பையைப் பாத்துட்டு நிக்க என்னால முடியாது."

"நான் எப்பவாவது கணக்குக் கேட்டிருக்கேனா?"

"கேக்க மாட்டே. அதான் இன்னும் கஷ்டமா இருக்கு."

அப்படித்தான் ஒரு சின்ன வீட்டை வாங்கி வாடகைக்கு விடுவது என்று முடிவாயிற்று. அக்காவின் தொகையோடு மாஸ்டரின் சேமிப்பும் சேரும், வாடகை அக்காவுக்கு. அந்தப் பணம் போனால் மறுபடி சம்பாதிக்க அக்காவுக்கு வயதும் இல்லை, முழங்காலும் இல்லை. இதை இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை.

அந்தச் சமயம் பார்த்து மாஸ்டரிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவர் ஒரு வீட்டுப் புரோக்கர். தோள்பையில் எப்போதும் ஒரு கொத்துச் சாவி குலுங்கும். அந்த வட்டாரத்தில் எந்தச் சந்தில் எந்த வீடு காலி, எந்த வீட்டில் அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் புரோக்கரம்மாவுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் ஸ்டியரிங்கைத் தொட்டால் கை வியர்த்துவிடும்.

ஆக, ஒரே காருக்குள் இரண்டு கற்றுக்குட்டிகள். கிளட்சை மெதுவாக விடுங்கள் என்று இவர் சொல்வார். வீட்டுக்காக அவசரப்படாதீர்கள் என்று அவர் சொல்வார்.

"மொதல் வீடு வாங்குறவங்க எல்லாரும் ஒரே தப்பைத்தான் பண்றாங்க மாஸ்டர். தான் குடியிருக்கப் போற மாதிரி பாக்குறாங்க. ஜன்னல் அழகா இருக்கா, காத்து வருதான்னு. நீங்களா இருக்கப் போறீங்க? இருக்கப் போறவன் பஸ் ஸ்டாப் எவ்வளவு தூரம்னு பாப்பான், தண்ணி எப்போ வரும்னு கேப்பான்."

"மூணாவது கியர் போடுங்க."

"போடுறேன். இன்னொண்ணு. ஓனர்கிட்ட பேசுறதுக்கு முன்னாடி உள்ள இருக்கிறவங்ககிட்ட பேசுங்க. மழை பெஞ்சா தண்ணி உள்ள வருமான்னு கேளுங்க. ஓனர் வீட்டைப் பத்திக் கதை சொல்லுவான். வாடகைக்கு இருக்கிறவன் வாய் நிறையப் புலம்புவான். நமக்கு வேண்டியது புலம்பல்தான்."

"அது நாலாவது கியர்மா."

புரோக்கரம்மா காட்டிய வீடுகளை எல்லாம் அவரே தட்டிக் கழித்தார். ஒன்றில் பாதை சரியில்லை. ஒன்றில் பத்திரம் சரியில்லை. ஒன்றில் எல்லாம் சரியாக இருக்கிறது, அதுதான் சந்தேகமாக இருக்கிறது என்றார். கற்றுக்கொடுக்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு: மற்றவர்களிடம் அவர்கள் எதிர்பார்க்கும் பொறுமை தங்களிடம் இருப்பதாகவே நினைத்துக்கொள்வார்கள். மாஸ்டருக்கு அலுத்துப்போனது.

ஒரு நாள் வேறொரு கற்றுக்குட்டி, கடைகள் நெருங்கிய ஒரு தெருவின் நடுவில் வண்டியை அணைத்துவிட்டு முழித்தான். மாஸ்டர் தலையைத் திருப்பினார். கீழே ஓர் அச்சகம், மேலே இரண்டு அறை வீடு. மாடிப்படிக் கம்பியில் ஓர் அட்டை: 'விற்பனைக்கு. புரோக்கர் வேண்டாம்.'

அன்று மாலையே போய்ப் பார்த்தார். வீட்டுக்காரன் நன்றாகப் பேசினான். அம்மா பெயரில் இருந்த சொத்து, அம்மா காலமாகிவிட்டார், இப்போது தன்னுடையது என்றான். பத்திரத்தின் நகலைக் காட்டினான். கீழே அச்சகத்தின் வாடகை வருகிறது, மேலே குடியிருக்கிற பெண் அடுத்த மாதம் காலி செய்துவிடுவாள் என்றான். அந்தப் பெண் கதவைத் திறந்துவிட்டு, தானாக ஒரு வார்த்தை பேசாமல் ஓரமாக நின்றார். ஜன்னல் அழகாக இருந்தது. காற்றும் வந்தது.

"இன்னொருத்தரும் கேட்டுட்டுப் போயிருக்கார் சார்," என்றான் வீட்டுக்காரன், படியில் இறங்கும்போது. "ஆனா உங்களைப் பாத்தா ஒரு நம்பிக்கை. நேரடியா முடிச்சுட்டா கமிஷன் உங்களுக்கே மிச்சம்."

ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது: வாங்குகிறவர் பின்வாங்கினால் முன்பணம் திரும்பாது. மாஸ்டர் அதைப் படிக்காமல் இல்லை. படித்தார். ஏதாவது இடறினால் பார்த்துக்கொள்ளலாம், பாதியில் நிறுத்திவிடலாம் என்று அவருக்குள் ஏதோ ஒன்று சொன்னது. அது புத்தி இல்லை, பழக்கம். அவருடைய பாதத்தில் இருந்த பழக்கம். கையெழுத்துப் போட்டார். அக்காவின் தொகை முழுவதும் முன்பணமாகப் போனது. மீதி, பத்திரம் பதிகிற அன்று.

புரோக்கரம்மாவிடம் மூச்சு விடவில்லை.

பத்திரப் பதிவுக்கு முந்தைய நாள் காலை புரோக்கரம்மா போன் பண்ணினார். ஓட்டுநர் தேர்வில் எப்படியோ தேறிவிட்டிருந்தார். சொந்தமாக ஒரு பழைய காரும் வாங்கியிருந்தார். தனியாக எடுக்கப் பயம்.

"ஒரு ரவுண்டு கூட வாங்க மாஸ்டர். நீங்க பக்கத்துல இருந்தாலே போதும்."

ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தியதும் மாஸ்டரின் பாதம் தானாக முன்னால் நகர்ந்தது. அங்கே மிதியடி மட்டும்தான் இருந்தது. சொந்தக் காரில் எதற்கு இரண்டு பிரேக்?

புரோக்கரம்மா பெரிய சாலைக்கு வண்டியை விட்டார். கை வியர்க்கவில்லை. "ஒரு நல்ல இடம் வந்திருக்கு மாஸ்டர். ஸ்கூல் பக்கத்துல. பத்திரமெல்லாம் பாத்துட்டேன். நாளைக்கு அக்காவைக் கூட்டிட்டு வாங்க."

"நாளைக்கு முடியாதும்மா."

"ஏன்?"

பொய் சொல்ல மாஸ்டருக்குத் தெரியும். ஆனால் ஓடுகிற வண்டியில், தன் காலடியில் ஒன்றும் இல்லாத நேரத்தில், அவருக்கு வரவில்லை. "நாளைக்கு எங்களுக்குப் பத்திரப் பதிவு. அச்சகத்துக்கு மேல இருக்கிற வீடு. நேரா பேசி முடிச்சுட்டேன்."

புரோக்கரம்மா அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"ரோட்டைப் பாருங்கம்மா."

"நான் ரோட்டைத்தான் பாக்கிறேன்," என்று முன்னால் திரும்பினார். கோபப்பட்டதாகத் தெரியவில்லை. "கமிஷனுக்காகத்தானே? சரி, அதை விடுங்க. மேல யாரு இருக்காங்க?"

"ஒரு அம்மா. வாடகைக்கு."

"பேசினீங்களா?"

"காலி பண்ணப் போறவங்ககிட்ட என்ன பேச?"

"என்ன மாஸ்டர், இத்தனை நாளா நான் என்ன எஞ்சின்கிட்டயா பேசிட்டிருந்தேன்? அந்த அம்மா ஏதாவது சொன்னாங்களா? ஒரு வார்த்தை?"

மாஸ்டர் யோசித்தார். "ஒண்ணும் சொல்லல. அந்த ஆள் மொட்டை மாடிச் சாவி எங்கன்னு கேட்டான். 'எப்பவும் இருக்கிற எடத்துலதான்'னாங்க. அவன் வாசல் நிலைக்கு மேல கையை விட்டு எடுத்தான். அவ்வளவுதான்."

வண்டி நாற்சந்தியை நெருங்கிக்கொண்டிருந்தது. புரோக்கரம்மா வேகத்தைக் குறைக்கவில்லை.

"வாடகைக்கு இருக்கிறவ ஓனர்கிட்ட அப்படியா பதில் சொல்லுவா? 'சார், இங்க வெச்சிருக்கேன் சார்'னு ஓடிப் போய் எடுத்துக் குடுப்பா. 'எப்பவும் இருக்கிற எடத்துல'ன்னா... அந்த எடம் ரெண்டு பேருக்கும் சின்ன வயசுல இருந்தே தெரியும் மாஸ்டர்."

பக்கவாட்டில் ஒரு லாரி வந்தது. மாஸ்டரின் கால் முழு பலத்தோடு தரையை மிதித்தது. ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி மிதித்தார். அப்புறம் வண்டி தானாக நின்றது. தானாக இல்லை, புரோக்கரம்மா நிறுத்தினார். கொஞ்சம் தாமதம்தான். லாரிக்காரன் அவர்கள் இருவரின் பரம்பரையையும் நினைவுகூர்ந்துவிட்டுப் போனான்.

"அங்க ஒண்ணும் இல்ல மாஸ்டர்," என்றார் புரோக்கரம்மா, அவருடைய காலைப் பார்த்தபடி. "வண்டியை அந்தத் தெருவுக்கு விடவா?"

மாஸ்டர் தலையை மட்டும் அசைத்தார்.

மாடிக் கதவைத் திறந்த பெண் தலையில் பாதிக்கு மட்டும் சாயம் பூசியிருந்தார். கையில் உறை, தோளில் பழைய துண்டு. மாஸ்டரைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார்.

"நீங்க அன்னிக்கு வந்த பெயின்டர்தானே? எப்போ அடிக்க ஆரம்பிக்கிறீங்க? அண்ணன் ஒண்ணும் சொல்லவே இல்லையே."

புரோக்கரம்மாதான் கேட்டார். "அண்ணனா?"

"ஆமா. கூடப் பொறந்தவன். அம்மா போனதுல இருந்து வீட்டுக்கு வெள்ளையடிக்கலன்னு சொல்லிட்டிருந்தேன். திடீர்னு ஒருநாள் இவரைக் கூட்டிட்டு வந்தான். நீ பேசாம இரு, பேசினா ரேட்டை ஏத்திடுவார்னான்." அந்தப் பெண் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன விஷயம்? சீக்கிரம் சொல்லுங்க, தலை காயுது."

சொன்னார்கள். ஒப்பந்தத்தையும் காட்டினார்கள். அதில் அம்மாவுக்கு ஒரே வாரிசு என்று அவன் எழுதியிருந்த இடத்தைப் புரோக்கரம்மா விரல் வைத்துக் காட்டினார். அந்தப் பெண் நின்றபடியே படித்தார். சாயம் நெற்றியில் ஒரு கோடாக வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

மாஸ்டர் அப்போது ஒரு காரியம் செய்தார். அதை மன்னிக்கலாம், பாராட்ட முடியாது. "அம்மா, நீங்களும் ஒரு கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா... உங்க பங்கு உங்களுக்கு வந்துடும். எங்க அக்கா ஆயுசுக்கும் சேத்த பணம் இதுல மாட்டிட்டு இருக்கு."

"போட்டுட்டு?" என்றார் அந்தப் பெண். குரல் உயரவில்லை. "பணத்தைக் கட்டிப் பிடிச்சுட்டு எங்க போய்ப் படுக்கிறது நான்?"

உள்ளே, சுவரோரம் ஒரு மடக்குக் கட்டில் சாத்தியிருந்தது. முதல் தடவை வந்தபோது மாஸ்டர் ஜன்னலைத்தான் பார்த்தார். ஒப்பந்தத்தைத் திரும்ப வாங்கி மடித்துக்கொண்டார்.

"அவனுக்கு இப்போ போன் பண்ணாதீங்க," என்றார் அந்தப் பெண் கடைசியில். "பண்ணினா இன்னிக்கே தலைமறைவாயிடுவான். நாளைக்கு நானும் வர்றேன்."

வீட்டில் அக்கா மறுநாளுக்காக ஒரு நல்ல புடவையை எடுத்து வைத்திருந்தாள். மாஸ்டர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னார். அக்கா கேட்டாள், முழுவதும் கேட்டாள். திட்டியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"கமிஷனை மிச்சம் பிடிச்சியே," என்றாள். "எவ்வளவு மிச்சமாச்சு?"

எடுத்து வைத்த புடவையை அவள் திரும்ப உள்ளே வைக்கவில்லை.

பதிவு அலுவலகத்தின் வராந்தாவில் வீட்டுக்காரன் முன்னதாகவே வந்து காத்திருந்தான். புரோக்கரம்மாவின் கார் வந்து நின்றபோது கையை ஆட்டினான். முன்னிருக்கையில் இருந்து மாஸ்டர் இறங்கினார், பின்னால் அக்கா இறங்கினாள். அவன் சிரித்தான். அக்காவுக்குப் பின்னால் அவனுடைய தங்கை இறங்கினார். சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவன் கொஞ்ச நேரம் அதை முகத்திலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

"நீ எங்க இங்க?"

"பெயின்ட் கலர் பாக்க வந்தேன்," என்றார் தங்கை.

அக்கா முன்னால் போனாள். "அம்மாவுக்கு நீங்க ஒரே பிள்ளைன்னு எழுதியிருக்கீங்களே தம்பி. அப்போ இவங்க யாரு, பக்கத்து வீடா?"

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் மாஸ்டரை மட்டும் தனியாக ஒரு தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனான். நெருங்கிப் பேசினான், வாயில் பாக்கு மணந்தது. "சார், அட்வான்ஸ் என் கையில இல்ல. கடன்காரங்களுக்குப் போயிடுச்சு. இப்போ கலாட்டா பண்ணினா உங்களுக்கும் ஒண்ணும் வராது. என் பங்கு பாதி இருக்கில்ல? அதை மட்டும் இன்னிக்கே உங்க பேருக்கு எழுதித் தர்றேன். குடுத்த பணம் சரியாப் போச்சு. அப்புறம் அவ எத்தனை நாளைக்குத் தாக்குப் பிடிப்பா? ஒருநாள் அவளும் குடுத்துட்டுப் போயிடுவா."

போன பணம் திரும்பி வருகிற மாதிரி ஒரு வழி. மாஸ்டர் தூணைப் பிடித்துக்கொண்டார். ஆழம் தெரியாமல் காலை விட்டவனுக்கு, அந்தக் காலை எடுப்பதைவிட மற்றக் காலையும் விடுவதுதான் சுலபமாகத் தோன்றும். வராந்தாவின் அந்தக் கோடியில் மூன்று பெண்களும் இவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். புரோக்கரம்மா தலையை அசைக்கவில்லை, சைகை காட்டவில்லை. அக்காவும் இல்லை. யாரும் எதையும் மிதிக்கவில்லை.

சரி என்று சொன்னால் அக்காவுக்குப் பாதி வீடு. அந்தப் பாதியில், ஒரு பெண்ணை மெல்ல மெல்ல வெளியே தள்ளுகிற வேலை. அதை யார் செய்வது? தானா? அக்காவா?

"வேண்டாம்," என்றார். சத்தம் அவர் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது.

"அப்போ ஒப்பந்தப்படி அட்வான்ஸ் போச்சு. நீங்கதான் பின்வாங்குறீங்க."

புரோக்கரம்மா அருகில் வந்துவிட்டார். "பொய் வாரிசு எழுதின ஒப்பந்தமா? அதைப் போலீஸ் ஸ்டேஷன்ல வெச்சுப் பேசுவோம் வாங்க. ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்கு." பையிலிருந்து கார் சாவியை எடுத்துக் காட்டினார். "நானே ஓட்டிட்டுப் போவேன். இப்போ எனக்கு ஓட்டத் தெரியும்."

அவன் உட்கார்ந்துவிட்டான். நிஜமாகவே வராந்தாப் படியில் உட்கார்ந்துவிட்டான். பிடுங்கினாலும் அவனிடம் பணம் இல்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. யாருக்கும் அடுத்து என்ன என்று தெரியவில்லை.

தங்கைதான் சொன்னார். "கீழ அச்சகத்து வாடகை இருக்கில்ல? அம்மா போனதுல இருந்து அதை இவன்தான் முழுசா வாங்கிட்டிருக்கான். எனக்கு ஒரு பைசா குடுத்ததில்ல. இனிமே அது நேரா இந்த அக்காவுக்குப் போகட்டும். இவங்க பணம் அடையற வரைக்கும். எழுதுங்க, நானும் கையெழுத்துப் போடுறேன்."

அவன் வாயைத் திறந்தான்.

"உன் பேச்சைக் கேட்டு அன்னிக்குப் பேசாம நின்னேன்ல?" என்றார் தங்கை. "இப்போ நீ நில்லு."

பத்திரம் பதிவதற்கென்று குறித்திருந்த நேரத்தில் வாடகைக்கான அந்தக் காகிதம் எழுதப்பட்டது, அண்ணனும் தங்கையும் அதில் கையெழுத்துப் போட்டார்கள். திரும்பும் வழியில் காரில் மாஸ்டர் இரண்டு காலையும் இருக்கைக்கு அடியில் மடக்கி வைத்துக்கொண்டிருந்தார். வீட்டு வாசலில் இறங்கும்போது, "உங்க கமிஷன்..." என்று இழுத்தார்.

"எந்த வீட்டுக்கு?" என்றார் புரோக்கரம்மா. "ரிவர்ஸ் மட்டும் இன்னொரு தடவை சொல்லிக் குடுங்க. இந்தச் சந்துல இருந்து எப்படி வெளிய எடுக்கிறதுன்னு தெரியல."

மாதம் பிறந்ததும் அச்சகக்காரர் விரலிடுக்கெல்லாம் மையோடு வந்தார். அக்கா கவரை வாங்கினாள். பிரிக்காமல் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தாள்.

"வீடு வாங்காமலே வாடகை வாங்குற மொதல் ஆள் நான்தான்டா," என்று தம்பியிடம் சொன்னாள். அந்த விஷயத்தில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. மாஸ்டருக்குச் சிரிக்கலாமா என்று தெரியவில்லை. பணம் முழுக்க அடைய வருஷங்கள் ஆகும். அதுவரை அக்கா இருக்க வேண்டும், அச்சகம் இருக்க வேண்டும்.

அச்சகக்காரர் டீயைக் குடித்துவிட்டு எழுந்தார். அக்கா அவரை உட்காரச் சொன்னாள்.

"ஒண்ணு கேக்கணும். மழை பெஞ்சா உங்க கடைக்குள்ள தண்ணி வருமா?"

அவர் அக்காவை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். தன் வாழ்நாளில் இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர்போல மறுபடி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"வருமாவா? முழங்கால் வரைக்கும் வரும்மா. போன மழையில பேப்பர் பண்டல் எல்லாம் படகு மாதிரி மிதந்துச்சு. அந்த ஆள்கிட்ட சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு."

மாஸ்டர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா அச்சகக்காரருக்கு இன்னொரு டம்ளர் டீ ஊற்றினாள்.

"சரி, மேல் சுவரு எப்படி?" என்று அடுத்ததைக் கேட்டாள்.